எங்கயோ ஒரு ஆணி மிச்சம்

யூடிற்றா அக்காவின் சாவு எனக்கு ஒரு வேலையாகத்தான் வந்து சேர்ந்தது. மரண அறிவித்தல்கள், முப்பத்தோராம் நாள் நினைவு மலர்கள் இவற்றை வீட்டிலிருந்தபடி வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில். அன்று காலை மகளுக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தபோது அன்ரன் அண்ணாவின் அழைப்பு வந்தது.

"தங்கச்சி, ஒரு நோட்டீஸ் அடிக்கவேணும். இண்டைக்கே வேணும்."

வழக்கமாக எல்லாரிடமும் கேட்கிற ஒழுங்கில் நானும் கேட்டேன். பிறந்த இடம், வசிப்பிடம், பெற்றார், சகோதரர். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பிறந்த இடம் முள்ளிவாய்க்கால். வசிப்பிடமும் அதுவே.

"பேரைச் சொல்லேல்லையே அண்ணா?"

"எங்கட அக்கா, பிள்ளை."

"எந்த அக்கா?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியை நினைக்க இப்போதும் உடம்பு கூசுகிறது. அன்ரன் அண்ணாவுக்கு ஒரேயொரு அக்காதான், யூடிற்றா அக்கா.

அக்காவின் இந்த நினைவு மலருக்கு எல்லாரும் எழுதித் தந்துவிட்டார்கள். பங்குத்தந்தை, கடை முதலாளி, கூடப் படித்தவர்கள். எல்லாருடைய பக்கங்களையும் அடுக்கி முடித்தும், எனக்கென்று விட்ட இடம் வெறுமையாகவே கிடந்தது. அச்சகம் கேட்ட நாளும் தாண்டிவிட்டது. ஏன் பிந்தினேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

புதுக்குடியிருப்பு பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் கடையை உங்களுக்குத் தெரியும். கம்பஸ் படிப்பு முடித்து வந்த நான் முன் மேசையில் கலியாண அழைப்பிதழும் நோட்டீசும் அடித்தேன். பின் மேசையில் யூடிற்றா அக்கா லப்டொப் திருத்தினா. இதை வாசிக்கும் உங்களில் பலர் உங்கள் லப்டொப்பை அவாவின் கையில் கொடுத்துவிட்டு, அந்த உயரமான ஸ்ரூலில் காத்திருந்திருப்பீர்கள்.

அவாவின் மேசையில் எப்போதும் ஒரு பெட்டி மட்டை இருக்கும். திறக்கப்போகும் லப்டொப்பின் அடிப்பக்கத்தை அதில் பென்சிலால் வரைவா. ஒவ்வொரு திருகாணியையும் கழற்றக் கழற்ற, அது இருந்த இடத்திலேயே மட்டையில் குத்தி வைப்பா. நீளமான ஆணி கட்டையான ஆணியின் குழிக்குள் போனால் உள்ளே இருக்கும் போர்ட்டைத் துளைத்துவிடுமாம். ஆணிகளெல்லாம் கழன்ற பிறகும் மூடி வராவிட்டால் ஒருநாளும் இழுக்கமாட்டா.

"இழுத்து உடைக்க ஆராலும் ஏலும். வராட்டி, எங்கயோ ஒரு ஆணி மிச்சம் இருக்கு. தேடவேணும்."

தேடினால், அடியிலிருக்கும் ரப்பர் காலுக்குக் கீழே அது ஒளிந்திருக்கும்.

சுவிஸில் இருக்கும் என் கணவரின் தமையன், தன் மகன் விளையாடித் தீர்த்த கேமிங் லப்டொப்பை எனக்கு அனுப்பியிருந்தார். அம்மிக்கல் பாரம். சிவப்பும் பச்சையுமாக எழுத்துகள் எரியும். விளையாட்டுக்கென்று செய்த அந்த யந்திரத்தில் நான் செத்தவர்களின் படங்களை அடுக்கத் தொடங்கினேன். ஒரு மலருக்கு அறுபது படங்கள் வந்தால் விசிறி இரைந்து திரை அப்படியே உறைந்துவிடும். யூடிற்றா அக்காவின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன்.

"முதல் கறண்ட். பிறகு பற்றரி. பிறகுதான் கதை" என்றபடி மின்கம்பியைப் பிடுங்கினா. ஆணிகளைக் கழற்றி, விளிம்பின் இடுக்கில் ஒரு பிளாஸ்ரிக் அட்டையைச் செருகி ஓட்ட, டிக் டிக்கென்று மூடி விட்டுக்கொடுத்தது. பற்றரியின் இணைப்பைக் கழற்றிவிட்டு விசிறியைப் பார்த்தவா சிரிக்கத் தொடங்கினா. விசிறி இதழ்களில் வெள்ளை வெள்ளையாக மயிர் சுற்றிக் கிடந்தது.

"பிள்ளை, உன்ர மச்சான் பூனையையும் சேர்த்தெல்லோ அனுப்பியிருக்கிறார்!"

"அதுக்கும் விசா எடுத்தவரோ எண்டு கேளுங்கோ" என்றார் முன்னாலிருந்த முதலாளி.

"இஞ்சயிருந்து போகத்தானே விசா. வாறதுக்கு என்னத்துக்கு?" என்றா அக்கா.

அன்றுதான் புது றாம் நினைவகம் ஒன்றைப் போட்டுத் தந்தா. அவாவின் ஸ்குரூட்ரைவர் முனையில் காந்தம் இருந்தது. ஆணியொன்றைத் தூக்கி எனக்குக் காட்டிவிட்டு, அதே முனையைத் தன் பிடரியில், கொண்டைக்குக் கீழே வைத்தா.

"ஒட்டுதோ பார்."

எனக்கு விளங்கவில்லை.

"உள்ளுக்க ஒரு ஷெல் துண்டு கிடக்கு. முள்ளிவாய்க்கால்ல ஏறினது. அப்ப எனக்குப் பதினாறு வயசு."

"ஐயோ அக்கா, எடுங்கோ கையை!"

"பயப்பிடாத விசரி. இந்தக் காந்தம் ஆணி தூக்கத்தான் காணும்."

அதன் பிறகு அவாவின் தலையிடி எனக்குத் தெரியவந்தது. மேசை லாச்சிக்குள் ஆணிப் பெட்டிக்குப் பக்கத்தில் குளிசை மட்டை இருக்கும். நான் வயிற்றில் ஐந்து மாதப் பிள்ளையோடு இருந்தபோது, அவாவுக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கவேண்டுமென்று எழுதிக் கொடுத்தார்கள். துணைக்கு நான் போனேன். தோடு, சங்கிலி, கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றச் சொன்ன தாதி கடைசியாகக் கேட்டா:

"உடம்பில வேற ஏதும் இரும்பு இருக்கோ?"

"ஒண்டு இருக்கு மிஸ். கழட்டேலாது."

அதோடு எல்லாம் நின்றது. அந்தப் பெரிய காந்தத்துக்குள் போனால் துண்டு நகர்ந்துவிடும் என்றார்கள். வேறு விதமாக எடுத்த படத்தில் இரும்பைச் சுற்றி ஒன்றும் பிடிபடாமல் வெறும் வெள்ளையாகத்தான் தெரிந்தது. அறுத்து எடுப்பதும் ஆபத்து, இருக்கிற இடத்தில் இருக்கட்டும் என்று குளிசையை மாற்றிக் கொடுத்தார்கள்.

திரும்பி வரும் பஸ் ஓமந்தையைத் தாண்டியது. அப்போதுதான் அவா சொன்னா: "ஊரில எல்லாற்ற சாமானையும் திறந்து பாக்கிறன். என்னைத் திறக்கேலாதாம் பிள்ளை."

நான் அழுதேன். அவா யன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தா.

"இதை ஆருக்கும் சொல்லாத. அன்ரனுக்கும் சொல்லாத, அவன் கடலுக்குப் போகாமல் என்னோட குந்தியிருப்பான். இப்பவே இடைக்கிடை கை நடுங்குது. கடையில கதை வந்துதெண்டால் ஒருத்தரும் சாமான் தரமாட்டினம்."

நான் ஓமென்று தலையாட்டினேன். தலையாட்டியதோடு மறந்தும் விட்டேன் என்பதுதான் உண்மை. பிள்ளை பிறந்தது. காய்ச்சல், ஊசி, பால் குடிக்கிறாளா இல்லையா, மூச்சு சரியாக வருகிறதா என்று என் பயங்களுக்கே எனக்கு நேரம் காணவில்லை. கடை வேலையை விட்டு ஒட்டுசுட்டான் வீட்டோடு இருந்துவிட்டேன்.

அவா சாவதற்கு மூன்று கிழமைக்கு முன் லப்டொப்பில் இடம் முடிந்துவிட்டது. பிள்ளையோடு பஸ்ஸில் வர எனக்குப் பயம் என்று சொன்னேன். அவாவே வந்தா. அந்த லப்டொப்பின் உள்ளே, படங்களைச் சேமிக்க இன்னொரு தகடு போடுவதற்கு வெறுமையான இடம் ஒன்று உண்டு. சுவிங்கம் அளவுத் தகடு. ஒரு முனையைச் செருகிவிட்டு, மறு முனையை ஒரேயொரு சின்ன ஆணியால் அமத்தவேண்டும். அரிசி மணியில் பாதிதான் அந்த ஆணி.

"ஆணி கவனமக்கா. இவள் கண்டதையும் வாயில வைக்கிறாள்."

"நீ பிள்ளையைக் கொண்டுபோ. ஆணி என்ர பொறுப்பு."

நான் மகளைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போனேன். அரை மணித்தியால வேலை அன்று ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. தேத்தண்ணியோடு வந்தபோது லப்டொப்பை மூடிவிட்டிருந்தா. ஆனால் மேசைக்குக் கீழே முழங்காலில் நின்று நிலத்தைக் கையால் தடவிக்கொண்டிருந்தா.

"என்னக்கா தேடுறியள்?"

"கண்ணாடியை."

"தலையில கிடக்கு!" என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவாவும் சிரித்தா. எழும்பும்போது மேசைக் காலைப் பிடித்துத்தான் எழும்பினா. ஐந்து மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனா.

அடுத்த நாள் மகளின் சத்தத்தைக் காணவில்லை. பிள்ளையின் சத்தம் கேட்காததைப்போல் பயமானது வேறில்லை. ஓடிப்போனால் மேசைக்குக் கீழே இருந்து எதையோ சப்புகிறாள். வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டினேன். அந்த ஆணி.

உடனே அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"என்னக்கா வேலை இது? உங்கட பொறுப்பெண்டு சொன்னியள்! விழுங்கியிருந்தால்?"

"பிள்ளைக்கு ஒண்டுமில்லையே?"

"இல்லை. தப்பினது உங்களால இல்லை."

"என்ர பிழைதான் பிள்ளை. நாளைக்கு வந்து பூட்டித் தாறன்."

"வேண்டாம். நீங்கள் இனி வரவேண்டாம்."

பிறகு இரண்டு தடவை எடுத்தா. நான் பதில் சொல்லவில்லை. கிணற்றடியில் விழுந்த அவாவை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனதும், பேச்சில்லாமல் கிடந்து மூன்றாம் நாள் முடிந்ததும் அந்த நோட்டீசுக்கான அழைப்பில்தான் எனக்குத் தெரிந்தது.

இந்தப் பக்கத்துக்கு ஒரு வரியும் வராமல் நாட்கள் போயின. போன கிழமை மகளை அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்து லப்டொப்பைக் கவிழ்த்துப் போட்டேன். அந்த ஆணியின் இடம் எதுவென்று பார்க்கவேண்டும்போல் இருந்தது. மட்டையில் படம் வரைந்தேன். கறண்டைப் பிடுங்கினேன். ஆணிகளைக் கழற்றிக் குத்தி வைத்தேன். மூடி வரவில்லை. ரப்பர் காலுக்குக் கீழே பார்த்தேன், ஒன்று மிச்சம் இருந்தது. அதையும் எடுத்து, மூடியைத் திறந்து, பற்றரி இணைப்பைக் கழற்றினேன்.

அக்கா மறதியில் ஆணியை விட்டுவிட்டா என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்தச் சின்னக் குழியைச் சுற்றிப் போர்ட்டில் கீறல்கள். ஸ்குரூட்ரைவர் வழுக்கி, திரும்ப வைத்து, திரும்பவும் வழுக்கிய கீறல்கள். ஏழு எண்ணினேன். அதற்குமேல் எண்ண முடியவில்லை. அவா திறந்த எதிலும் நான் ஒரு கீறலைக் கண்டதில்லை. தகட்டின் முனையில் சூடு தாங்கும் மஞ்சள் ஒட்டு ரேப், மூன்று துண்டு. முதலிரண்டும் கோணல். மூன்றாவது நேராக, இறுக்கமாக ஒட்டப்பட்டிருந்தது.

குசினியில் நான் மகளுக்குப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்த ஒன்றரை மணித்தியாலமும் அவா இதைத்தான் செய்திருக்கிறா. கையிலிருந்து வழுக்கிய ஆணியைத் தேடித்தான் முழங்காலில் நின்றிருக்கிறா, என் பிள்ளை எடுத்துவிடும் என்று. அவாவின் கையைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் நான். என்னிடம்கூட அவா அதைச் சொல்லவில்லை. நான் சிரித்தேன், அடுத்த நாள் ஏசினேன்.

இதை அச்சுக்கு அனுப்புமுன் அன்ரன் அண்ணாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்தவர், "கை நடுங்கினதை நானும் கண்டனான் தங்கச்சி. கேட்டால் கோவிப்பா எண்டு விட்டிட்டன். போடு, இருக்கட்டும்" என்றார்.

கடைசி மாதங்களில் அவாவிடம் லப்டொப் திருத்தியவர்கள் யாருக்காவது ஒரு ஆணி குறைந்திருந்தால், ஏசாதீர்கள்.

அந்த ஆணியை நான் பூட்டவில்லை. மகளுக்கு எட்டாத உயரத்தில், அலுமாரிக்கு மேலே ஒரு மருந்துப் போத்தலுக்குள் போட்டு இறுக்கி மூடி வைத்திருக்கிறேன். நோட்டீசில் போட்ட அவாவின் படமும், இந்த மலரில் நீங்கள் பார்க்கும் அத்தனை படங்களும், இந்த எழுத்தும் அந்தத் தகட்டில்தான் இருக்கின்றன. அதை அவா ஒட்டிய மூன்றாவது ரேப் இன்னமும் அசையாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.