நான் அணைத்த சுவிட்ச்

அறையைவிட்டு வெளியேறுமுன் எல்லாச் சுவிட்சுகளையும் அணைக்க வேண்டும் என்ற சுற்றறிக்கையை எங்கள் கந்தோரில் எழுதியவன் நான். ஓய்வு பெறும்வரை அதை வாசித்த ஒரே ஆளும் நானாக இருக்கலாம்.

சென்ற மாதம் வெள்ளவத்தை மண்டபம் ஒன்றில் என் மனைவி முதன்முறையாக மேடையில் கீபோர்ட் வாசிக்கவிருந்தார். காலை முழுவதும் அந்தக் கருவியில் பத்துப் பாட்டுகளுக்கும் வயலின், புல்லாங்குழல் என்று தனித்தனி ஒலிகளை அமைத்தார். பிறகு சாப்பிடப் போனோம். கடைசியாக வெளியேறிய நான் சுவிட்சை அணைத்தேன்.

திரும்பி வந்தபோது அமைத்த ஒலிகள் எதுவும் இல்லை. சேமிக்காமல் அணைத்தால் கருவி மறந்துவிடுமாம். மண்டபமோ நிறைந்துவிட்டது.

“ஆர் ஓஃப் பண்ணினது?” என்றார் மனைவி.

“நான்தான். அதுதானே முறை.”

“நல்ல முறை. இனிப் பியானோ சத்தம் மட்டும்தான். புல்லாங்குழல் வாற இடத்தில நீங்களே விசிலடியுங்கோ.”

மூன்று பாட்டுகளுக்கு மேடையோரம் நின்று விசிலடித்தேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு பிழையுமில்லாமல் வாசித்து முடித்தார்.

இப்போது எந்தச் சுவிட்சைத் தொடுமுன்னும், “சேவ் பண்ணியாச்சோ?” என்று கேட்கிறேன்.

“ஃபேனுக்குமோ?” என்கிறார் அவர்.