அழகுபாண்டியின் ஊசி

காளவாசலில் மொபைல் கவர் விற்கும் அழகுபாண்டி ஊசி போட்டுக்கொண்டுதான் ஷட்டில் ஆடுகிறார் என்று பசுமலைப் பக்கம் ஒரு பேச்சு. ஊக்க மருந்தாம். அவர் ஆடிப் பார்த்திருக்கிறேன். அது ஊக்க மருந்து என்றால் கம்பெனிமேல் வழக்கே போடலாம். இருந்தாலும் விசாரிப்போமே என்று ஒரு ஞாயிறு காலை ஷட்டில் கோர்ட்டுக்குப் போனேன்.

ஊசி உண்மைதான். அவருக்கு ஹீமோஃபிலியா. ரத்தத்தை உறைய வைக்கும் சத்து பிறவியிலேயே குறைவு. அந்தச் சத்தைத்தான் ஊசியில் ஏற்றிக்கொண்டு வருகிறார்.

"கபடின்னா உசிருண்ணே. டாக்டர் வேணவே வேணாம்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டாரு. ஷட்டிலுக்கு மட்டும் சரின்னாரு. முட்டி சூடானா அந்த நிமிசமே நிப்பாட்டிரணும்."

ரயில்வே விசாரணை கவுன்டரில் பதில் சொல்பவரின் அலுப்பு அந்தக் குரலில்.

எதிரே ஆடியவர் மாட்டுத்தாவணிப் பூக்கடை விருமாண்டி. கோர்ட்டில் யாருக்குக் கால் பிசகினாலும் எண்ணெய் போட்டு உருவிச் சுளுக்கெடுப்பவர். காசு கேட்க மாட்டார். வேண்டாம் என்றால் விடவும் மாட்டார். அவரை அழகுபாண்டி ஒரு முறைகூட ஜெயித்ததில்லை. அன்று பத்தொன்பதுக்குப் பத்தொன்பது. நெட்டோரம் ஒன்றை எட்டி எடுத்த அழகுபாண்டி அப்படியே நின்றார்.

"முட்டி சூடாகுதுண்ணே. போதும்."

"ரெண்டு பாயிண்டுல என்ன மாப்ள ஆயிரும்? தோக்கப் போறோம்னு நடிக்கிறியா?"

வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள். அழகுபாண்டி கோர்ட்டை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மட்டையை உறைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார்.

விருமாண்டிக்கு உடனே இரக்கம் வந்துவிட்டது. அதுதான் ஆபத்து. எண்ணெய் பாட்டிலோடு ஓடி வந்தார். "காலக் குடு. ஒரே இழுப்பு."

"தொட்டுராதீங்கண்ணே! உள்ள ரத்தம் கசியுது. உருவினா இன்னும் ஊத்தும்."

"ரத்தத்தையே காணோமே?"

"வெளிய வந்தாத்தான நம்புறீக. எம்புட்டுப் பேருக்குண்ணே நான் சொல்லிக்கிட்டே இருக்கிறது?"

விருமாண்டி பாட்டிலை மூடினார். அழகுபாண்டி முட்டியில் ஐஸ் வைத்துக்கொண்டு டாக்டருக்குப் போன் போட்டார். மறுபடி ஊசி, மறுபடி ஓய்வு.

பாதியில் விட்ட செட்டைச் சுவரில் கரியால் எழுதி வைப்பது அங்கே வழக்கம். விட்டவர் வந்து அதே பாயிண்டிலிருந்து ஆடித் தீர்க்க வேண்டும். போன மாதம் சுவருக்கு வெள்ளையடித்தார்கள். 19-19 இருந்த இடத்தை மட்டும் விடச் சொல்லி விருமாண்டி சண்டை போட்டாராம்.

அழகுபாண்டிக்கு முட்டி இன்னும் முழுதாக மடங்கவில்லை.