ஒத்தப்பானை வீட்டுப் பெண்

எங்கள் வீட்டுப் பெயர் ஒத்தப்பானை. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடலாம். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சிரித்துத் தீர்த்ததுதான். எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் எழுதும் வழக்கமில்லை. அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொள்வதோடு சரி. வீட்டுப் பெயர் கல்யாணப் பேச்சில் மட்டும் வெளியே வரும். ஒரே வீட்டுப் பெயர்க்காரர்கள் பங்காளிகள், அண்ணன் தங்கை முறை; அவர்களுக்குள் பெண் கொடுக்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது.

அப்பா மட்டும் அந்தப் பெயரை நெற்றித் திருநீறு போல எப்போதும் பூசிக்கொண்டு திரிந்தார். தலவாக்கலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் அவர் கங்காணி. இந்தியாவில் எங்கள் குடும்பத்தில் நாற்பது பேர் இருந்தார்களாம், பாகம் பிரியாமல் ஒரே பானையில் பொங்கித் தின்றார்களாம், அதைப் பார்த்து ஊரே கொடுத்த பட்டமாம். பிரஜாவுரிமைக்கு மனு எழுதும்போது, கேட்கப்படாத அந்தப் பெயரையும் ஓரத்தில் எழுதச் சொன்னார். கிளாக்கர் அதை அடித்துவிட்டார். மனு என்னவாகுமோ என்று நாங்களெல்லாம் கவலைப்பட்டுக்கொண்டிருக்க, அப்பா ஒரு வாரம் முழுக்க அந்தக் கிளாக்கரையே திட்டிக்கொண்டிருந்தார்.

எனக்குப் பத்தொன்பது வயதானபோது பூண்டுலோயாவிலிருந்து மாப்பிள்ளை வந்தது. தேயிலை ஃபேக்டரியில் வேலை. தேர்த் திருவிழாவில் அவரை முன்பே பார்த்திருந்தேன், பிடித்தும் இருந்தது. அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சாதி ஒன்றுதானா என்று இரண்டு பக்கமும் நன்றாக விசாரித்துக்கொண்டார்கள். வீட்டுப் பெயரைக் கேட்டபோது மாப்பிள்ளையின் அப்பா, "எங்களுக்கு அப்பிடி ஒண்ணும் இல்லீங்க" என்றார். கடல் தாண்டி வந்ததில் எத்தனையோ குடும்பங்கள் அதைத் தொலைத்திருந்ததால் யாரும் மேலே துருவவில்லை.

நிச்சயத்தன்று அப்பா சீர்ப் பாத்திரங்களை லயத்து வரிசை வீட்டில் எங்களுக்கிருந்த ஒற்றைக் காம்பராவில் அடுக்கிவைத்தார். குடம், தாம்பாளம், செம்பு, பெரிய பித்தளைச் சோற்றுப்பானை. எல்லாவற்றிலும் தலவாக்கலைப் பாத்திரக் கடையில் கொடுத்து வீட்டுப் பெயரை வெட்டியிருந்தார். வந்தவர்கள் பார்க்க வேண்டுமென்றே எழுத்து வெளியே தெரியும்படி திருப்பி வைத்திருந்தார். மாப்பிள்ளையின் பெரிய அத்தை குடத்தை எடுத்து எழுத்துக் கூட்டி வாசித்தார். பிறகு தன் தம்பியைப் பார்த்து, "இது நம்ம வீட்டுப் பேருல்ல?" என்றார்.

மாப்பிள்ளையின் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். கொண்டுவந்த தேத்தண்ணியை யாரும் தொடவில்லை.

"இருக்கிற பேர இல்லேன்னு சொன்னீங்களே. அண்ணனுக்கே தங்கச்சியக் கட்டிவைக்கப் பாத்தீங்களா?" என்றார் எங்கள் அப்பா.

"அந்தப் பேர நாங்க சொல்றதில்லீங்க. எங்கப்பா சொல்லக்கூடாதுன்னாரு. ஏன்னு நான் கேக்கல."

ஊருக்கு நாலு வீட்டில் இருக்கும் பெயரென்றால் தற்செயல் என்று சமாளித்திருக்கலாம். ஒத்தப்பானை என்று யார் வைத்துக்கொள்வார்கள்? இரண்டு வீடு இருந்தால் இரண்டும் ஒன்றிலிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும். தேத்தண்ணி ஆறுவதற்குள் மாப்பிள்ளை எனக்கு அண்ணனாகிவிட்டார்.

அத்தைதான் வழி சொன்னார். "இதே பேருல இன்னொரு வீடு கந்தப்பளையில இருக்கு. வேதக்காரங்க. வெவரம் அவுங்களுக்குத் தெரியும்னு சொல்லுவாங்க. கேட்டுட்டு அப்பறம் முறிச்சுக்குங்க."

வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டு அப்பாக்களும் போய்வருவதென்று முடிவானது. அந்த வாரம் முழுக்க என் கைக்கும் கண்ணுக்கும் சம்பந்தமில்லாமல் போனது. கொழுந்தோடு முற்றல் இலையையும் பறித்துப் போட்டு, நிறுக்கிற இடத்தில் கணக்கப்பிள்ளையிடம் ஏச்சு வாங்கினேன். அந்த மனிதரைக் கட்டிக்கொள்ள எனக்கு ஆசையாக இருந்தது. அதை அண்ணன் முறை என்று நினைக்கவே வாய் கசந்தது. ஞாயிறு காலையில் நானும் சேலையை மாற்றிக்கொண்டு நின்றேன். அப்பா முறைத்தார். "என் கல்யாணம்தானப்பா" என்றேன்.

நுவரெலியாவில் பஸ் மாறிக் கந்தப்பளை போய்ச் சேர்ந்தபோது தூறிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் வந்த வழியெல்லாம் இரண்டு அப்பாக்களும் ஒரே சீட்டில் உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்கள். அந்த வீட்டில் இருந்தது ஒரு பெண். என் அம்மா வயதிருக்கும். தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், தாய்மார் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போன பிறகு குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயா. அப்போதுதான் மாதா கோயில் பூசை முடிந்து வந்திருந்தார், முக்காட்டைக்கூட எடுக்கவில்லை. வந்த காரியத்தைச் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அந்தப் பேருக்கு இத்தன மரியாதயா?" என்றார். "பெரிய நாள் வந்தா எங்கப்பா சாப்பிடறதுக்கு முன்னாடி இந்தக் கதையத்தான் சொல்லுவாரு."

கதை சிறியது. இந்தியாவிலிருந்து வந்து மன்னாரில் இறங்கிக் காட்டு வழியாக நடந்து வந்த கூட்டத்தில் ஒவ்வொரு சாதியும் தனித்தனியாகத்தான் பொங்கித் தின்றது. வழியில் பேதி கண்டது. செத்தவர்களோடு பானைகளையும் போட்டுவிட்டு வந்தார்கள். கடைசியில் பின்தங்கிப்போன மூன்று குடும்பங்களுக்கு ஒரு பானைதான் மிஞ்சியது. அதில் பொங்கி மூன்று குடும்பமும் தின்று உயிரோடு வந்து சேர்ந்தார்கள். தோட்டத்தில் மற்றவர்கள் அவர்களைப் பக்கத்து லயத்தில் அண்டவிடவில்லை. ஒத்தப்பானை என்று கேலி பேசினார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்து மூன்று குடும்பமும் மூன்று தோட்டத்துக்குப் போனது. பெயர் கூடவே போனது.

"ஒங்க ரெண்டு குடும்பமும் ஒரு சாதி, ஆனா ஊரு வேற, வகையறா வேற. வழியில சேந்தவுங்க. பங்காளியெல்லாம் இல்ல, தாராளமாக் கட்டலாம்" என்றார். பிறகு எங்கள் அப்பாவை நேராகப் பார்த்தார். "மூணாவது நாங்க. நாங்க யாருன்னு ஒங்களுக்குத் தெரியும்."

தெரிந்தது. எந்தச் சாதி வீட்டில் எங்கள் ஆட்கள் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்களோ, அந்த வீடு. நாற்பது பேர், பாகம் பிரியாத பெருமை, ஊர் கொடுத்த பட்டம் எல்லாம் அந்தச் சின்னக் காம்பராவில் கிடந்தன. அப்பாவின் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

அடுப்பிலிருந்து சோற்றை இறக்கி வைத்திருந்தார் அந்த அம்மா. கருவாட்டுக் குழம்பு மணத்தது. "தூரத்திலருந்து வந்திருக்கீங்க. சாப்பிடச் சொல்லணும்னு ஆசதான். கடையில சாப்பிட்டுக்கிறோம்னாலும் சரி, நான் தப்பா நெனைக்க மாட்டேன்" என்றார்.

மாப்பிள்ளையின் அப்பா எழுந்தார். எங்கள் அப்பா ஏற்கெனவே வாசலில் இருந்தார். முறை சரியாகிவிட்டது, கல்யாணம் நடக்கும், நானும் எழுந்து போனால் போதும். இங்கே கை நனைத்த பெண்ணை இவர்கள் மருமகளாக எடுப்பார்களா என்பது வேறு கேள்வி. எனக்கு நன்றாகத் தெரிந்துதான் இருந்தது. ஆனால் அவர் அகப்பையைப் பிடித்தபடி, போடுவதா வேண்டாமா என்று நின்ற நிலை எனக்குப் பொறுக்கவில்லை. இவர்கள் பானை இல்லாவிட்டால் நான் ஏது, வாசலில் நிற்கிற இரண்டு பேரும் ஏது? கோபம்தான் வந்தது.

உட்கார்ந்துவிட்டேன். "எனக்குப் பசிக்குது. போடுங்கம்மா."

அவர் போட்டார். நான் தலை நிமிராமல் சாப்பிட்டேன். பாதி சாப்பாட்டில் பக்கத்தில் யாரோ சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா. "இத மறைக்கத்தான் எங்கப்பா பேரையே மறைச்சிருக்காரு" என்றவர், "எனக்கும் ஒரு தட்டு குடுங்க தங்கச்சி" என்றார்.

எங்கள் அப்பா உள்ளே வரவில்லை. தூறலில் நனைந்துகொண்டே நின்றார். மறுநாள் சீர்ப் பாத்திரங்களையெல்லாம் சாக்கில் கட்டித் தலவாக்கலைக்குத் தூக்கிக்கொண்டு போனார். பெயரை அராவி எடுக்கத்தான் போகிறார் என்று அம்மா சொன்னார். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் தடுக்கவில்லை, அன்றைக்கு அவரை அளவுக்கு மேல் நோகடித்துவிட்டேன் என்ற உறுத்தலும் இருந்தது.

கல்யாணம் நடந்தது. பூண்டுலோயா லயத்தில் முதல் உலை வைக்க நான் சீரைப் பிரித்தேன். குடத்தில் பெயர் இல்லை, அராவிய இடம் கைக்குச் சொரசொரத்தது. தாம்பாளத்திலும் இல்லை, செம்பிலும் இல்லை. சோற்றுப்பானையில் மட்டும் வெட்டியபடியே இருந்தது. கடைக்காரர் விட்டுவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

மறுவீட்டுக்குப் போனபோது அப்பாவிடம் அதைக் கேட்டேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே நிமிராமல் சொன்னார்:

"நான்தான் விடச் சொன்னேன். என்னால அந்தம்மா வீட்டுல சாப்பிட முடியல. அதுக்காகப் பானையில உள்ளத அழிக்கச் சொல்றியா?"