டெக்சாஸ் தண்ணீர்

நேட்டா ஃப்ரீசன் முப்பது வருஷமாகக் கர்லிங் ஆடுகிறாள். கனத்த கல்லைப் பனித்தரையில் சறுக்கவிட்டு வட்டத்தின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தும் ஆட்டம். கனடாவின் மானிட்டோபாவில் அவள் ஊருக்குக் குளிர்காலம் என்றாலே அதுதான். பள்ளிப் பேருந்து ஓட்டிய காலத்தில் கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு நேரே அரங்குக்குப் போய்விடுவாள். ஆனால் அவள் அணி ஒருமுறைகூட இறுதிப் போட்டியை எட்டியதில்லை.

இந்த வருஷம் எட்டிவிட்டது, அவள் இல்லாமல். ஓய்வுபெற்றதிலிருந்து ஜனவரி பிறந்தால் கணவன் கார்னி அவளைக் கட்டில், தண்ணீர்த் தொட்டி, குழாய் எல்லாம் உள்ள வீட்டு வண்டியில் ஏற்றி டெக்சாஸுக்குக் கொண்டுபோய்விடுகிறான். அங்கே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து மற்ற வண்டிக்காரர்களின் நாய்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

மார்ச் கடைசியில் அணித்தோழி எல்வைரா அழைத்தாள். "எனக்கு மணிக்கட்டு ஒடிஞ்சுபோச்சுடி. நாலு பேர் இல்லைன்னா நம்மள இறக்க மாட்டாங்களாம். சனிக்கிழமை சாயங்காலம். மறுநாள் அரங்குப் பனியை உருக்கிடுவாங்க."

"நான் வர்றேன்."

கிளம்பும்போது கார்னி தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்தான். கான்சஸ் தாண்டியதும் நேட்டா சொன்னாள்: "வடக்கே இன்னும் உறையுது. தண்ணியை இறக்கிட்டுக் குழாய்ல உறையாம இருக்க அந்த ரோஸ் கலர் மருந்தை ஊத்து."

"வசந்தம் வந்தாச்சு. காலண்டரைப் பாரு."

"காலண்டரை நான் பார்த்துட்டேன். குழாய் பார்த்திருக்கா?"

அவன் ரேடியோவைத் திருகினான்.

தெற்கு டகோட்டாவில் வீட்டு வண்டிகள் தங்கும் முகாம்கள் எல்லாம் இன்னும் சங்கிலி போட்டுக் கிடந்தன. வெள்ளிக்கிழமை மூடிக்கிடந்த ஒரு பெட்ரோல் நிலையத்தின் பின்புறம் படுத்தார்கள். சனிக்கிழமை காலை குழாயைத் திறந்தால் காற்றுகூட வரவில்லை. வெயில் ஏறியதும் தண்ணீர் வந்தது, கட்டிலுக்கு அடியிலிருந்து.

கார்னி டார்ச்சோடு கட்டிலுக்கடியில் நுழைந்தான். வெளியே தெரிந்தது இரண்டு கம்பளிக் காலுறைகள் மட்டும். நேட்டா அவற்றோடு பேசினாள்.

"தொட்டியைத் திறந்து ஊத்திட்டு ஓட்டு. ஊர்ல போய்ப் பார்த்துக்கலாம்."

"விரிசல் எங்கேன்னு தெரியாம நகரக் கூடாது. தரைப் பலகை ஊதிடும். இது வீடு, நேட்டா!"

"வீடு அங்க இருக்கு. மூணு மாசமாப் பூட்டி."

"ஒரு மணி நேரம் குடு."

கொடுத்தாள். வயலோரத்தில் மிச்சப் பனி, மறந்துபோன துணிமூட்டை மாதிரி அழுக்காகக் கிடந்தது. இன்னொரு மணி நேரமும் போயிற்று. பிறகு அவள் கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கிப் பின்னால் போனாள். டெக்சாஸிலிருந்து அந்த வண்டி இழுத்துவந்த சின்ன காரின் கொக்கியைக் கழற்றி, உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருகினாள். செத்த சத்தம். இழுத்துவரும்போது ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளாமல் இருக்கச் சாவியைப் பாதி திருப்பி வைப்பது கார்னியின் வேலை. நின்றதும் எடுக்க வேண்டியதும் அவன்தான். எடுத்திருக்கவில்லை; ராத்திரியோடு பேட்டரி காலி.

அவள் ஹாரனை அடித்தாள். அதுவும் அடிக்கவில்லை. கதவைத் திறந்து கத்தினாள்.

"கார்னி! வெளியே வா! இதையும் கொன்னு வெச்சிருக்க!"

தலையில் தூசியோடு வந்தவன் அவள் முகத்தைப் பார்த்ததும் ஒயர் எடுக்க ஓடினான். பெரிய வண்டியின் பேட்டரியிலிருந்து அதை இழுத்துக் கொடுத்தான். கார் இருமிக்கொண்டு உயிர்பெற்றது.

"என்னை இங்கேயே விட்டுட்டா போறே?"

"நீதான் வீட்ல இருக்கியே."

எல்லையில் வரிசை. அதன் பிறகு சாலையெங்கும் பனி உருகிய சேறு. பேருந்து ஓட்டிய கைகள் எதற்கும் அசரவில்லை, ஆனால் வழியெல்லாம் அவள் தனியாகத் திட்டிக்கொண்டே வந்தாள். அரங்குக்குள் நுழைந்தபோது மற்ற மூவரும் கல்லுக்கு முன்னால் பனியைத் தேய்க்கும் துடைப்பங்களோடு நின்றிருந்தார்கள். நடுவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் கல்லைக் கோபத்தோடே விட்டாள். அது வட்டத்தைத் தாண்டிப் பின்சுவரில் போய் மோதியது.

"நேட்டா, அது கார்னி இல்லடி, கல்லு!" என்று பார்வையாளர் பக்கக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கட்டுப்போட்ட கையை ஆட்டினாள் எல்வைரா. அரங்கே சிரித்தது. அதன் பிறகு நன்றாகத்தான் ஆடினாள். ஒரே ஒரு புள்ளியில் தோற்றார்கள்.

காலணியைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது.

"ஜெயிச்சியா?"

"விரிசல் கிடைச்சுதா?"

"இல்ல."

"எனக்கும் இல்ல."

அவள் இன்னொரு காலணியையும் கழற்றினாள்.

"எப்ப வருவே?" என்றான் கார்னி. "இங்க குடிக்கக்கூடத் தண்ணி இல்ல."

"வர்றேன். அதுவரைக்கும் கட்டிலுக்கடியிலயிருந்து நக்கிக் குடி" என்று சொல்லிவிட்டு, மற்றவர்களோடு காபி குடிக்க மாடிக்குப் போனாள்.