என் ஏலக்காயைத் துப்பிய குதிரைக்காரன்

பேய் பிசாசு எதையும் நான் நம்புகிறவன் இல்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், தலையில் மூட்டை சுமந்து போடியில் ஏலக்காய் வியாபாரியாக நிமிர்ந்தவன், இல்லாததைக் கண்டு பயப்பட எனக்கு நேரம் ஏது? ஏலத்தில் என் சரக்கை முகர்ந்துவிட்டு இதுவரை ஒருவரும் உதட்டைப் பிதுக்கியதில்லை. இதையும் சொல்லிவைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

குரங்கணிக்கு மேலே வெள்ளைக்காரன் காலத்து எஸ்டேட் ஒன்றை வாங்கினேன். அதன் பரணில் ஒரு தகரப் பெட்டி, உள்ளே கையால் சுற்றிப் படம் காட்டும் மெஷின், ஒரே ஒரு படச்சுருள். மருமகன் போட்டோ எடுத்து, சென்னையில் விஷயம் தெரிந்த ஒருவருக்கு அனுப்பினார். அமெரிக்காவில் பேசாத படக் காலத்தில் எடுத்த கௌபாய் படம், தொலைந்துபோனது, உலகத்தில் வேறு பிரதியே கிடையாது, தொடாதீர்கள், நான் வருகிறேன் என்றார் அவர். என் பரணில் இருப்பதை எனக்கு முன்னால் வேறொருவன் பார்ப்பதா?

டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்த என் கூட்டாளி காதரைக் கூட்டிவந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஏலக்காய் ஸ்டோரின் கதவுகளைச் சாத்தி, பல்பு மாட்டி, வெள்ளைச் சுவரில் ஓட்டினோம். மறுநாள் ஏலத்துக்குப் போகவேண்டிய மூட்டைகள் பக்கத்தில் அடுக்கியிருந்தன. சும்மா உட்கார எனக்கு வராது, ஒரு பிடி காயை அள்ளிக் கையில் வைத்துக்கொண்டேன்.

தொப்பிக்காரன் ஒருவன் குதிரையில் வந்தான், இறங்கினான், நேராக எங்களைப் பார்த்துக் கையை நீட்டினான். எங்கள் ஊரில் வாங்குகிறவர் கையை நீட்டினால் ஒரு பிடி காயை வைத்துவிடுவோம், அவர் முகர்ந்து, கடித்து, மிச்சத்தைத் தரையில் வீசிவிட்டுத்தான் வாயைத் திறப்பார். பழக்கதோஷம், நானும் எழுந்துபோய் நீட்டிவிட்டேன்.

"ஏ மாப்ளே, அவன் துப்பாக்கி கேக்குறான்யா, நீ ஏலக்காயக் குடுக்குற!" என்று காதர் சிரித்தார்.

நம்பினால் நம்புங்கள், என் கை காலியாக இருந்தது. சுவரில் அவன் முகர்ந்தான், ஒன்றைக் கடித்தான், துப்பினான், தலையை ஆட்டிவிட்டு மிச்சத்தை உதறினான்.

"காதரு, நிறுத்துய்யா!"

"சுத்துறத அப்பவே விட்டுட்டேன் மாப்ளே. அவனாத்தான் அசையிறான்."

பயமா? எனக்குக் கோபம்தான் வந்தது. "யாரு சரக்கடா துப்புற?" என்று கத்தினேன். அவன் குதிரையில் ஏறிப் போய்விட்டான், சுவர் வெளுத்துவிட்டது. மெஷினைத் திறந்தால் படச்சுருள் இருந்த இடத்தில் பழுப்புத் தூள். சுவரடியில் என் காய் சிதறிக்கிடந்தது.

என் சரக்கில் குறையா என்று வீம்புக்கு மூட்டைகளைப் பிரித்துக் கொட்டினேன். அடியில் இருந்த இரண்டில் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடித்திருந்தது. அப்படியே ஏலத்துக்குப் போயிருந்தால் நாற்பது வருஷத்துப் பேர் ஒரே காலையில் போயிருக்கும்.

சென்னைக்காரர் வந்து தூளைப் பார்த்துக் கண்கலங்கினார். படத்தில் என்ன வந்தது என்று கேட்டார். சொன்னேன். பாதியிலேயே பேனாவை மூடிவிட்டார்.

இப்போதும் ஏலத்துக்கு முதல் நாள் அந்தச் சுவரடியில் ஒரு பிடி காய் வைக்கிறேன், பயத்தில் இல்லை, சரக்குச் சோதனைக்கு. காலையில் அப்படியே கிடக்கும். போன வாரம் ஒரு காய்கூட மிச்சமில்லை. எலியாக இருக்கும் என்றேன்.

காதர் தரையைக் காட்டினார். "எலி இம்புட்டுப் பெரிய சாணி போடுமா மாப்ளே? இது குதிர போட்டதுய்யா."

ஸ்டோர் பூட்டியிருந்தது. சாவி என் இடுப்பில்தான் இருந்தது.