பேலாவில் பாதி

தொண்ணூற்றொன்றில் எனக்குக் கல்யாணம். நான் தஞ்சாவூர்ப் பக்கம், மறைமலை நகரில் ஃபிட்டர் வேலை. பெண் ஒரகடத்தை அடுத்த வல்லம் வடகால். ஒரகடத்திலேயே ஒற்றை அறையில் குடித்தனம் வைத்தோம்.

முதல் ஷிஃப்ட் முடிந்து பஸ் பிடித்து நாலு மணிக்கு வருவேன். அவள் ஒரே ஒரு டம்ளர் டீ போடுவாள். காதில்லாத, வாயகன்ற எனாமல் கிண்ணம் ஒன்றில் பாதியைச் சரித்துக்கொண்டு என் எதிரே உட்காருவாள். நீலக்கரை போட்ட கிண்ணம், அம்மா வீட்டுச் சீர். அவள் ஊரில் அதற்குப் பேர் பேலா. “பேலாவுல ஊத்துனாதான் சீக்கிரம் ஆறும்” என்று ஊதிக்கொண்டே, அன்றைக்கு லைனில் நடந்ததையெல்லாம் கேட்பாள். அந்தக் கால் மணி நேரத்துக்காகவே ஓட்டமும் நடையுமாக வந்திருக்கிறேன்.

ஒருநாள் ஊரிலிருந்து அம்மாவும் தங்கையும் வந்திருந்தார்கள். “அந்தப் பேலாவ எட்த்துக் குடேன்” என்று அவள் கேட்க, தங்கை களுக்கென்று சிரித்துவிட்டாள். பாழாய்ப்போன ரோஷம் எனக்கு. “பேலாவாம் பேலா. இதெல்லாம் ஒரு பேச்சா? கப்புன்னு சொல்லு” என்றேன்.

மறுநாளே ரெண்டு பீங்கான் கப் வாங்கிவிட்டாள். பேலா பரணுக்குப் போனது. விருந்தாளிகள் போன பிறகும் எனக்கு முழு கப் டீ வந்தது. அவளுடையது அடுப்படியிலேயே காலியாகிவிடும்.

பக்கத்து மெஷினில் ஒரு பாய் இருந்தார். பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். “எங்க வூட்டுல பியாலா. பாரசீக வார்த்தைப்பா அது. தெலுங்குக்காரங்க கூட சொல்வாங்க” என்றார். எத்தனை தேசம் கடந்து, எத்தனை பேர் வாயில் புழங்கி என் வீட்டு அடுப்படி வரை வந்த சொல். அதை வீட்டை விட்டு விரட்டிய மடையன் நான்.

அன்றைக்கே பரணிலிருந்து அதை இறக்கினேன். “இதுல ஊத்திக்கயேன்” என்று கெஞ்சினேன். தூசி துடைத்து மறுபடி மேலேயே வைத்தாள். “கப்பு கீதே. இது இன்னாத்துக்கு?” முகத்தில் கோபமே இல்லை. இருந்திருந்தால் சமாதானம் செய்திருப்பேன்.

முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போதும் அவள் அக்கா வல்லம் வடகாலிலிருந்து போன் செய்வாள். “அந்த நீலக்கரை பேலா இன்னும் பத்திரமா கீதுக்கா” என்று இவள் சிரிப்பது தெரு வரை கேட்கும். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். உள்ளே நுழைந்தால் போனை வைத்துவிடுவாள்.

“வந்துட்டியா? கப்புல டீ கீது, எட்த்துக்கோ.”