கேள்விக்குறிகளாகிப் போன விக்கி

கொச்சித் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து எழுதும் நம் விக்கி இணையதளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றலாம் என்று இன்று காலை மட்டாஞ்சேரி பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தேன். மென்பொருள் ஒழுங்காக ஏறியது. தமிழ் எழுத்துகள் மட்டும் எல்லாப் பக்கங்களிலும் கேள்விக்குறிகளாகிவிட்டன.

முதல் போன் பள்ளுருத்தி சரோஜா அக்காவிடமிருந்து. போன வருடம் இறந்த கணவரைப் பற்றி, வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி அவர் எழுதிய பக்கமும் போயிருந்தது.

“எடா, எங்க வீட்டுக்காரர் பக்கத்துல வெறும் கேள்விக்குறியா இருக்கே?”

“சரியாக்கித் தரேன் அக்கா.”

“அவர் இருந்தப்பவும் எதையும் தெளிவா சொல்ல மாட்டார், கேட்டோ” என்று மலையாளம் கலந்து சொல்லிச் சிரித்தார். பாதிச் சிரிப்பிலேயே குரல் உடைந்துவிட்டது.

நல்லவேளை, நேற்று பேக்கப் எடுத்திருந்தேன். சர்வரில் புதியதை அழித்து, பழைய பதிப்பையே திரும்ப நிறுவி, பேக்கப்பை ஏற்றினேன். நடுவில் கரண்ட் வேறு போனது. சாயாவிலேயே பகல் கழிந்தது.

சாயங்காலம் அக்காவைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். மவுஸைச் சொடுக்கும் சத்தம் கேட்டது.

பிறகு, “வந்துட்டார்டா” என்றார்.

முதுகு விட்டுப்போயிற்று. புதிய பதிப்பில் என்ன விசேஷம் என்று தெரிந்தவர்கள் கீழே பின்னூட்டத்தில் எழுதுங்கள். படித்துவிட்டு, பழையதிலேயே இருந்துகொள்கிறேன்.